நாலு படி

எங்கள் வீட்டுக்கு முதலில் நாலு படி இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றும் எங்கேயும் போய்விடவில்லை, தெருவுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. ரோடு போட வரும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போனதில் ஒவ்வொன்றாக முழுகின. சென்னையில் தெரு வளரும், வீடு குள்ளமாகும்.

1984-இல் அப்பா மடிப்பாக்கத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கிரவுண்ட் வாங்கியபோது அது சென்னையே இல்லை. செங்கல்பட்டு மாவட்டம், பஞ்சாயத்து. திருவல்லிக்கேணியில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்றிருந்த வீட்டிலிருந்து 2,400 சதுர அடிக்குச் சொந்தக்காரராவது அப்பாவுக்குக் கனவு மாதிரி இருந்திருக்க வேண்டும். மனை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி, பாதி தூரம் பஸ்ஸிலும் மீதி தூரம் வரப்பிலுமாகப் போனோம். வரப்பில் என்று சும்மா சொல்லவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் நட்டிருந்த இடமெல்லாம் அறுத்த நெல்தாள் காலில் குத்தியது. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். "அப்ரூவ்டு லே-அவுட்" என்று அப்பா ரெண்டு மூன்று தடவை சொன்னார். அது வயல் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது, எனக்கும் தோன்றவில்லை.

கடைக்கால் போட்டு, பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்று மேஸ்திரி நூல் கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தப் பெரியவர் வந்தார். ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எத்தனை நாழி என்று பங்கிடுவது எல்லாம் அவர் கையில். பாய்ச்ச வயல் குறைந்துகொண்டே வந்ததில் அவருக்கு வேலையும் குறைந்திருந்தது. கையில் ஒரு மூங்கில் கழி. கொஞ்ச நேரம் நூலைப் பார்த்தார்.

"எத்தினி படி சார்?"

"ரெண்டு."

"நாலு வெச்சுக்குங்க. ஏரி ரொம்பி கலங்கல் பாஞ்சா தண்ணி இப்பிடித்தான் கழுவேலிக்குப் போவும்." கழியை மண்ணில் ஊன்றி, தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே விரல் வைத்துக் காட்டினார். "இம்மாம் வரும்."

மேஸ்திரி சிரித்தார். அப்பா கணக்குப் போட்டார். ரெண்டு படி கூட என்றால் அத்தனை லோடு கிராவல், அத்தனை செங்கல், அத்தனை கூலி. பி.எஃப். கடன் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஆனாலும் அப்பா நாலு படி வைத்தார். அம்மாவின் ஒரு ஜோடி வளையல் அந்த ரெண்டு படிக்குள் இருக்கிறது.

அடுத்த வருஷமே, 1985 நவம்பரில், சென்னை முழுக்க வெள்ளம். எங்கள் வாசலில் தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டு நின்றது. பெரியவர் விரல் வைத்த இடம் ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. ரெண்டே நாளில் கிழக்கே வடிந்தும் போய்விட்டது. படியில் உட்கார்ந்து நானும் தம்பியும் காகிதக் கப்பல் விட்டோம். வெள்ளம் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் அப்போது.

பழைய ஊர்க்காரர்கள் வீடு கட்டியிருந்த விதத்தைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். கோயிலும் நத்தமும் மேட்டில். அதற்கு மேற்கே ஏரி. ஏரிக்குக் கீழே வயல். வயலுக்குக் கிழக்கே கோரையும் சம்பும் மண்டிய கழுவெளி, அங்கே ஒரு மாட்டுக்கொட்டகைகூட இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளிலிருந்து நிலம் கிழக்கே சரிகிறது. அந்தச் சரிவில் ஏரிக்குக் கீழே ஏரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அது நிரம்பினால் கழுவெளிக்கு. தெற்கே தாம்பரம் பக்கத்திலிருந்தும் இதே மாதிரி வரிசைகள் வருகின்றன. சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை கடைசியில் வந்து உட்காரும் இடம்தான் இந்தப் பள்ளிக்கரணைக் கழுவெளி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைப் பார்க்கும். வடிகிற வழி ஒன்றுதான், அதுவும் குறுகல். மழை அவசரமாக வரும், கடல் நிதானமாகத்தான் வாங்கும். நடுவில் பொறுமையாக உட்கார ஒரு இடம் வேண்டும். ஊர்க்காரர்கள் அந்த இடத்தைத் தொடவில்லை.

அரசுக் கணக்கில் மட்டும் அது எதற்கும் உதவாத நிலமாக இருந்தது.

உதவாத நிலத்தில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். மார்கழி விடியலில் மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே பூமியே தெரியாது, பனிக்கு நடுவில் சம்புக் கதிர்கள் மட்டும் பழுப்புச் சுருட்டுகள் மாதிரி நின்றுகொண்டிருக்கும். வெயில் ஏற ஏற நீலத் தாழைக்கோழிகள் வெளியே வரும். உடம்பெல்லாம் மயில்கழுத்து நீலம், நெற்றியில் சிவப்புப் பட்டை, கால்விரல்களோ உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். ஒரு காலைத் தூக்கி, அந்த விரல்களையெல்லாம் மடக்கிச் சுருட்டி, அப்புறம் ஆகாயத்தாமரை மேல் விரித்து வைக்கும். கொலுசு தொலைந்துவிடுமோ என்று பயந்து நடக்கிற கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது என்பாள் அம்மா. கோரைத் தண்டைப் பிடுங்கி, கையில் பிடித்துக்கொள்வதுபோல் ஒரு காலால் பிடித்து, அடிக்குருத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை எறியும். கரும்பு தின்கிற தோரணை.

தண்ணீர் வற்றும் சித்திரையில் ஊர்ப் பையன்கள் சேற்றில் இறங்கி விரால் பிடிப்பார்கள். தம்பியும் ஒருமுறை அவர்களோடு இறங்கி, தேளி மீன் முள் குத்தி, கை வீங்கி, ராத்திரி முழுக்க அழுதான். பக்கத்துத் தெரு ஆயா சுண்ணாம்பு வைத்துக் கட்டினாள். "கழுவேலியில காலை வெச்சா அது ஒண்ணு குடுக்கும்ல" என்றாள்.

மழைக்காலத்து ராத்திரிகளில் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. அப்பா எரிச்சலோடு ஜன்னலைச் சாத்துவார். அந்த ஜன்னலைப் பிற்பாடு வேறு காரணத்துக்காகச் சாத்த வேண்டி வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் பெருங்குடிப் பக்கம் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். காற்று திரும்பினால் எரிகிற குப்பையின் புகை எங்கள் சமையலறை வரை வந்தது. ரப்பரும் மருந்தும் கருகிய முடியும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். துவைத்துக் காயப்போட்ட புடவையை மோந்து பார்த்து மறுபடி துவைப்பாள் அம்மா.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விரிக்க ஒன்றும் இல்லை. கழுவெளியின் மேற்கு விளிம்பில் வேளச்சேரி–தாம்பரம் சாலை அகலமானது. தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. பறக்கும் ரயிலுக்கு நிலம் போனது. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் ரேடியல் ரோடு சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. காரிடார் என்று பேர் மாற்றிக்கொண்டது. 5,000 ஹெக்டேருக்கு மேல் கிடந்த கழுவெளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2007-இல் அதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். மரமே இல்லாத காடு என்று அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் காலி மனை ஒவ்வொன்றும் வீடானது. ஒவ்வொரு வீடும் முந்தின வீட்டைவிட ஒரு அடி ஒசத்தி. பக்கத்து வீட்டுக்காரர் சவுடு அடித்து மேடாக்கினால் எதிர் வீட்டுக்காரர் இடித்த கட்டட ரப்பிஷை வாங்கிக் கொட்டி அதைவிட மேடாக்குவார். மேடாக்கின இடத்துத் தண்ணீர் மேடாக்காத இடத்துக்கு வரும். அடுத்த வருஷம் ரோடும் மேடாகும். முதல் படி போனபோது அப்பா வருத்தப்பட்டார். ரெண்டாவது போனபோது சண்டைக்குப் போனார். 2011-இல் எங்கள் பஞ்சாயத்து சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு மூன்றாவது போனபோது அவரே போய்விட்டிருந்தார்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் இருந்த தண்ணீர் ஒன்பது மணிக்குக் கூடத்தில் இருந்தது. அது வந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாசல் வழியாக வரவில்லை. முதலில் பாத்ரூம் துவாரத்தில் கொப்பளித்தது, அப்புறம் தரை ஓடுகளின் இடுக்கில் வியர்வை மாதிரி பொடித்தது. துடைத்தேன், மறுபடி பொடித்தது. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. நடுராத்திரியில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து பூஜை அறைக் கதவில் மோதியது, யாரோ தட்டுகிற மாதிரி. அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரெண்டு நாளில் வடியவில்லை, பத்து நாள் ஆனது. சுவரில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. நீர்க்கட்டி காட்டிய முழங்கால் உயரத்தோடு அந்தக் கோட்டை மனசில் ஒப்பிட்டுப் பார்த்தேன். கணக்குக் கச்சிதமாக வந்தது. நடுவில் அந்த மூன்று படியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வருகிறவள் அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தாள். அடையாற்றங்கரையில் இருபது வருஷக் குடிசை, வெள்ளம் வருகிற இடம் என்று காலி பண்ணச் சொல்லி பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்திருந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவளால் நாலு நாள் கீழே இறங்க முடியவில்லை. அஞ்சாம் நாள் வந்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள்: "ஆத்தோரத்துல தண்ணி வருதுன்னு சொல்லி ஏரிக்குள்ள கொண்டாந்து வுட்டாங்கக்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இந்த ஊரில் எது எங்கே பொருந்தும் என்பதைப் பற்றி நான் கேட்ட தெளிவான பேச்சு அதுதான்.

எங்கள் தெரு முனைக்கும் சதுப்புக்கும் நடுவில் ஒரு காலி நிலம் இருக்கிறது. மூன்று ஏக்கர் சொச்சம். பட்டா நிலம். முள்ளும் கோரையும் முளைத்துக் கிடந்ததில் ஏழெட்டு வருஷமாக ராத்திரி ராத்திரியாக ரப்பிஷ் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அந்தக் கல்லுக்கும் காரைக்கும் நடுவில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. எது காரைத்துண்டு, எது முட்டை என்று கண்டுபிடிக்க முடியாத சாம்பல் புள்ளி. பக்கத்தில் போனால் தலைக்கு மேலே பறந்து வந்து கத்தும். அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று போன வருஷம் ஒரு வழவழக் காகிதம் வீடு வீடாக வந்தது. நாலு கோபுரங்கள், கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே பதினெட்டு மாடி. அட்டையில் ரோஜா நிறப் பூநாரைகள். பூநாரை பொய்யில்லை, சில வருஷங்களில் நிஜமாகவே வருகிறது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து அவற்றைப் பார்க்க நாங்கள் யாருக்கும் காசு கொடுத்ததில்லை, அதுதான் வித்தியாசம்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். தெருவுக்கு இது பொருந்துமா என்பதுதான் பேச்சு. முப்பதடி ரோட்டில் இத்தனை காரா என்றார் ஒருவர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்னாகும் என்றார் இன்னொருவர். வெயில் விழாது, துணி காயாது என்றார் மூன்றாமவர். மனை விலை ஏறும், ரோடு அகலமாகும், பாதாளச் சாக்கடை சீக்கிரம் வரும் என்று நாலு பேர் சந்தோஷப்பட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, லாரித் தண்ணீரில் பிள்ளை வளர்த்தவர்கள். ஈர நிலப் பாதுகாப்பு விதிகளை ஓர் இளைஞர் செல்போனில் வாசித்தார். கடந்த பத்து வருஷச் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்று 2017 விதி சொல்கிறது. அப்படிப் பார்த்தால் நம் சமையலறைகளே அந்த மட்டத்துக்குள்தான் வரும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. 2022-இல் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேருக்கு, ஈர நிலங்களுக்குத் தரும் ராம்சார் பட்டம் கிடைத்தபோது தெருவில் முதலில் லட்டு கொடுத்தவள் நான். அந்த எல்லைக்குள்ளேயும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டரிலும் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக்கூடாது, முதலில் ஆராய்ந்து எல்லையை முடிவு செய்யுங்கள் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025-இல் சொன்னபோது கை தட்டினேன். பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு எழவிருந்த திட்டம் ஒன்றுக்கு எதிரான வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது, அதற்கும் சந்தோஷப்பட்டேன். அதே மாதம் தம்பி போன் பண்ணினான். எங்கள் வீட்டின் மேல் அவன் பெண்ணுக்காக ஒரு மாடி எழுப்ப பிளான் போட்டுக் கொடுத்திருந்தான். வாங்க மாட்டேன் என்கிறார்களாம். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். "பதினெட்டு மாடிக்காரனும் நாமளும் ஒண்ணாக்கா?" என்றான்.

ஒன்றில்லை என்று சொல்ல நாக்கு வந்தது. சொல்லவில்லை. ஏரிப் பாசன வயலில் கல் நட்டு "அப்ரூவ்டு" என்று எழுதியதை நம்பி வந்தவர்கள்தானே நாங்களும். எங்கள் மனைக்குப் பட்டா இருக்கிறது, அந்த மூன்று ஏக்கருக்கும் இருக்கிறது. அப்பாவின் ஒரு கிரவுண்டையும் அந்தப் பெரிய நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளவுதான் வேறு, ஜாதி ஒன்று. ஆனாலும் ஒரு விஷயம் உண்டு. அப்பா தண்ணீருக்கு வழிவிட்டுத் தன் வீட்டைத்தான் உயர்த்தினார், சுற்றியிருந்த மண்ணை உயர்த்தவில்லை. கழி ஊன்றிய ஆளிடம் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டு, வளையலை விற்று ரெண்டு படி ஏறிக்கொண்டார். மூன்று ஏக்கரை ஆறடி உயர்த்துகிறவர் யாரிடம் கேட்டார்? அந்த ஆறடித் தண்ணீர் தன் வீட்டைத் தேடிக்கொண்டு வேறெங்கோ போக வேண்டும், அந்த வேறெங்கோவுக்குக் கதவு எண் இருக்கிறது. தம்பியிடம் இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. "பொறுத்துப் பாக்கலாம்டா" என்றேன். ஆட்சேபணை மனுவில் கையெழுத்துப் போட்டேன். அவன் இன்னும் போடவில்லை.

போன மாதம் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். முக்காலியில் லெவல் கருவி, இன்னொரு பையன் கையில் கறுப்பு சிவப்புக் கட்டம் போட்ட நீள ஸ்டாஃப். அந்தப் பெரிய நிலத்துக்காக அளக்கிறார்கள். தடை விலகினால் உடனே தொடங்கத் தயாராக இருக்க வேண்டுமாம்.

"அம்மா, உங்க படியில ஸ்டாஃப் வெச்சுக்கலாமா? ஒரு நிமிஷம்தான்."

வைத்துக்கொள்ளச் சொன்னேன். பையன் ஸ்டாஃபை நிமிர்த்திப் பிடித்தான். தெருமுனையில் நின்றவர் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, நடந்து வந்தார். மரியாதையான மனிதர், திருநெல்வேலிப் பேச்சு.

"தெருவுலயே உங்க வீடுதாம்மா பள்ளம். கட்டும்போதே கொஞ்சம் ஒசத்திக் கட்டியிருக்கலாம்லா?"

"நாலு படி வெச்சுத்தான் கட்டினது."

அவர் படியைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. என்னைப் பார்த்தார்.

"மிச்சம் மூணு நீங்க நிக்கிற எடத்துக்குக் கீழ இருக்கு" என்றேன்.

அவர் சட்டென்று ஒரு கால் பின்னால் எடுத்து வைத்தார். அப்புறம் தாருக்குள் ஏதாவது தெரியுமோ என்பதுபோல் குனிந்து பார்த்தார். பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து, எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே எழுதியிருந்த அளவுக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடியாக ஏதோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. ஸ்டாஃபைத் தோளில் போட்டுக்கொண்டு பையன் முன்னால் போக, ரெண்டு பேரும் கிழக்கே நடந்தார்கள். மேட்டின் மேல் கால் வைத்ததுமே ஆள்காட்டி எழும்பிக் கத்த ஆரம்பித்தது.